வேண்டாத பெண்ணும் ஒரு நாவலும்

(ஆலங்காயத்தில் படிப்பகத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்று இங்கு ஒரு நாவலைப்பற்றிப் பேசப் போவதாகத் தோழர்கள் விளம்பரம் செய்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கடைத்தெருவில் சிலர், "இவர்களுக்குச் சாமியும் சாதியும் பேசித் தீர்ந்துபோய் நாவல் பேச வந்துவிட்டார்களா?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டோம். அவை தீர்ந்து போயிருந்தால் இந்த நாவல் எழுதப்பட்டே இருக்காது என்பதுதான் அந்த நண்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம். மற்றபடி பண்டிதர்கள் பேசுகிற முறையில் இலக்கியம் பேச நமக்கு யோக்கியதை கிடையாது. நாம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். படித்ததெல்லாம் இதுபோன்ற படிப்பகங்களில் பெஞ்சின் மேல் உட்கார்ந்து படித்ததுதான். ஆகையால் நடையழகு, கதையழகு என்பவைகளையெல்லாம் பண்டிதர்களுக்கே விட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தில் உள்ள சங்கதி நம் வீட்டுச் சங்கதியா, அல்லவா என்ற ஒன்றை மாத்திரம் பேசப் போகிறோம். அந்த நாவலின் பெயரும் "சங்கதி" என்பதேயாகும்.

1994-ம் வருஷத்தில் வெளிவந்த அதை எழுதியவர் பாமா என்னும் தோழியர். விருதுநகர் ஜில்லா வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்து, கடவுளுக்கு ஊழியம் செய்கிற அந்த இடத்திலும் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கக் கண்டு வெளியே வந்தவர். அந்த அனுபவத்தை 1992-ல் "கருக்கு" என்ற புத்தகமாக எழுதினார். "சங்கதி" அதற்கு அடுத்தது. கதாநாயகன், கதாநாயகி என்று ஒரு ஜோடியைத் தேடுகிறவர்களுக்கு இது ஒரு நாவலாகவே தோன்றாது. தெருவில் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற பேச்சாகவே புத்தகம் முழுதும் ஓடுகிறது. வசவும் சிரிப்பும் அழுகையும் அப்படியப்படியே இருக்கின்றன.

கதை சொல்லுகிறவள் அந்தத் தெருவில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். வெள்ளையம்மாக் கிழவி என்று அவளுக்கு ஒரு பாட்டி. அந்தக் கிழவியின் புருஷன் கங்காணியோடு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. கிழவி கூலி வேலை செய்து பெண்களை வளர்த்தவள். ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிறவளும் அவள்தான். ஆண் துணை இல்லாமல் ஆணைப்போல் உழைத்து வாழ்ந்த அந்தக் கிழவியே, பேரனுக்கு ஒரு நீதியும் பேத்திக்கு ஒரு நீதியும் செய்கிறாள். ஆண் குழந்தை அழுதால் உடனே தூக்கிப் பால் கொடுக்கிறார்கள். பெண் குழந்தையானால் அழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பையனுக்கு அதிக நாள் தாய்ப்பால். பெண்ணுக்குச் சீக்கிரமே மறக்கடித்துவிடுகிறார்கள். சாப்பாட்டில் முதல் பங்கு பையனுக்கு, மிச்சம் மீதி பெண்ணுக்கு. விளையாட்டில்கூடப் பையன்களுக்குச் சடுகுடு, பெண்களுக்குச் சோறாக்கி விளையாடுவதும் கல்யாண விளையாட்டும். அந்தச் சிறு பெண் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கிழவிக்குப் பதில் கிடையாது. ஏதோ காலங்காலமாய் இப்படித்தான் என்கிறாள்.

அதே நாவலில் மைக்கண்ணி என்று இன்னொரு சிறுமி வருகிறாள். தாய் பிரசவித்துப் படுத்திருக்கும் போதெல்லாம் அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகவேண்டும். தாய் எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவள் வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மறுபடி பிரசவம் வந்தால் மறுபடி தீப்பெட்டி ஆபீசு. குடியாத்தம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலையும், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் பீடி சுற்றுகிற முறத்தையும் பார்த்தவர்களுக்கு இந்த மைக்கண்ணி யார் என்று நாம் விளக்கவேண்டியதில்லை.

மாரியம்மா என்கிற பெண்ணின் கதை இவைகளிலெல்லாம் கொடியது. விறகு பொறுக்கப் போனவள் வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க ஒரு மிராசுதாரனின் பம்புசெட்டுக்குப் போகிறாள். அவன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் தப்பி ஓடி வந்துவிடுகிறாள். அவன் என்ன செய்கிறான்? தன் மானம் போய்விடுமே என்று அவளுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களிடம் ஓடி, அந்தப் பெண் வேறொரு பையனோடு தப்பு நடந்துகொண்டதாகக் கட்டிச் சொல்லிவிடுகிறான். பஞ்சாயத்துக் கூடுகிறது. பெண்களைப் பேசவே விடுவதில்லை. பெண்ணுக்கு 200 ரூபாய் அபராதம், பையனுக்கு 100 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பாகிறது! செய்யாத தப்புக்கும்கூட ஆணுக்குப் பாதி, பெண்ணுக்கு இரட்டிப்பு. தோழர்களே, எந்த சட்டப் புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது? பெற்ற தகப்பனே அவளை அடித்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுகிறான்.

இதைப் படித்த சிலர், "அந்தப் பெண்ணுக்குத் தான் வேண்டாதவள் என்கிற எண்ணம் மனதில் ஏற்பட்டுவிட்டது, பாவம்" என்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்குச் சரியாகப் படவில்லை. பாலில் குறைத்து, சோற்றில் குறைத்து, படிப்பில் குறைத்து, அபராதத்தில் மாத்திரம் கூட்டிப் போட்டால், தான் வேண்டாதவள் என்று ஒரு பெண் நினைப்பது அவளுடைய மனக்கோளாறா? அவள் கணக்குத் தெரிந்தவள் என்றுதான் நாம் சொல்லுவோம்.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறோம். நம் பெற்றோர்களுக்கு ஐந்து பிள்ளைகள். தகப்பனார் வாணியம்பாடித் தோல் ஷாப்பில் பச்சைத் தோல் சுமந்தவர். தாயார் வீட்டில் பீடி சுற்றியவர். முதல் இரண்டும் பெண். அவர்களுக்கு முறைப்படி பெயர் வைத்தார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தவுடன், யாரோ ஒரு சாமியாடி சொன்னதன் பேரில், அதற்கு "வேண்டாம்" என்றே பெயர் வைத்தார்கள். இப்படிப் பெயர் வைத்தால் மேலே இருக்கிறவனுக்குக் காது கேட்டு அடுத்ததை ஆணாக அனுப்புவானாம். நாலாவதும் பெண்ணாகவே வந்தது. மேலே இருக்கிறவனுக்குக் காது மந்தம் என்று நினைத்தார்களோ என்னவோ, இந்தத் தடவை இன்னும் அழுத்தமாகப் "போதும்பொண்ணு" என்று வைத்தார்கள். அடுத்த வருஷம் நாம் பிறந்தோம்! ஊரெல்லாம் பெயர் பலித்துவிட்டது என்று பேசிற்று. இன்றைக்கும் நம் கிராமத்தில் வயதானவர்கள் பெயர் வைத்தால் பலிக்கும் என்பதற்கு அத்தாட்சியாக நம்மைத்தான் காட்டுகிறார்கள். மூடநம்பிக்கையை ஒழிக்கப் பிரசாரம் செய்து திரிகிறவனே மூடநம்பிக்கைக்கு அத்தாட்சியாக இருப்பது வேடிக்கை அல்லவா?

"வேண்டாம்" என்ற பெயர் பலிக்காமல் போனதை எவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளுவதில்லை. காசைச் சுண்டிவிட்டால் நாலு தரம் தலை விழலாம், ஐந்தாவது தரம் பூ விழலாம். முன்னே விழுந்ததெல்லாம் காசுக்கு ஞாபகம் இருக்காது. ஜோசியன், சாமியாடி, மந்திரவாதி இவர்கள் தொழிலெல்லாம் பலித்ததை மாத்திரம் எண்ணுகிற நம்முடைய புத்தியினால்தான் நடக்கிறது.

அந்த மூன்றாமவள் இரண்டு வயதில் வாந்தி பேதியில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். நமக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது ஆட்டை விற்று வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். நம் தாயார் இதைப் பெருமையாகவே சொல்லுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெண்களிடத்தில் பிரியம் இல்லாதவர்களும் அல்லர். செத்த பெண்ணை நினைத்துப் பண்டிகை நாளில் அழுவார்கள். ஆனால் ஆடு ஒன்றுதானே இருந்தது? அதை யாருக்காக விற்பது என்கிற கேள்விக்கு ஊர் ஏற்கனவே ஒரு பதிலைச் சொல்லி வைத்திருந்தது.

ஆணோ பெண்ணோ பிறப்பது எதனால் என்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. 1905-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார் மாவுப்புழு என்னும் ஒரு வண்டினப் பூச்சியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் சோதித்தார். பெண் பூச்சியின் உயிரணுவில் 20 பெரிய நிறக்கோல்கள் இருந்தன. ஆண் பூச்சியினுடையதில் 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. அந்தச் சிறியது விந்தின் வழியாய்ப் போய்ச் சேர்ந்தால் ஆண், பெரியது போய்ச் சேர்ந்தால் பெண் என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். மனிதருக்கும் இதுவே முறை. ஆகவே பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருகிற அணுவைப் பொறுத்ததே ஒழியத் தாயைப் பொறுத்ததல்ல. தகப்பனும் இதில் ஒன்றும் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை. இந்த அம்மையார் ஒரு தச்சருடைய மகள். ஆசிரியர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வயது முதிர்ந்த பிறகு கல்லூரியில் சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர். உலகத்தில் கோடானுகோடிப் பெண்கள் "பெண்ணாகப் பெற்றுப் போட்டாள்" என்று மாமியாரிடமும் புருஷனிடமும் உதைபட்டுக்கொண்டிருக்கையில், அந்தப் பழி பொய் என்று காட்டியவரும் ஒரு பெண்ணாக இருந்தார். ஆனால் பெண் பிறந்ததற்காக இரண்டாவது கல்யாணம் செய்துகொள்ளுகிறவன் இன்னும் இருக்கிறான். அவனுக்கு யாராவது இந்த மாவுப்புழுவைக் காட்டக்கூடாதா?

சரி, ஆண் ஏன் வேண்டும்? பெண் ஏன் வேண்டாம்? சாஸ்திரக்காரர்களைக் கேட்டால், "புத்" என்று ஒரு நரகம் இருக்கிறதென்றும், அதிலிருந்து தகப்பனைக் கரையேற்றுவதால்தான் மகனுக்குப் புத்திரன் என்று பெயர் என்றும் மனுவின் ஒன்பதாவது அத்தியாயத்தைக் காட்டுவார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும், திதி கொடுக்க மகன் வேண்டும். இல்லாத நரகத்துக்குப் பயந்து இருக்கிற பெண்ணை நரகத்தில் தள்ளுகிற இந்த ஏற்பாட்டைப்பற்றி நம் மேடைகளில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது.

நாவலைப் படித்தபோது நமக்கு வேறு ஒரு யோசனை வந்தது. "சங்கதி"யில் வருகிற குடும்பங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுக்குப் "புத்" நரகம் கிடையாது, திதி கிடையாது, கொள்ளி கிடையாது. அப்படியிருந்தும் அங்கே பெண்ணுக்குப் பால் ஏன் குறைந்தது? நம் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் இஸ்லாமியத் தோழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். பெண் குழந்தையை உயிரோடு புதைத்த பழைய அரபு வழக்கத்தைக் கண்டித்த நூல் அவர்களுடையது. அந்த வீடுகளிலும் மூன்றாவது பெண் பிறந்தால் முகம் சுருங்குகிறதா இல்லையா என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற அந்தத் தோழர்களே சொல்லட்டும். ஆகவே சாஸ்திரத்தைக் கொளுத்தினால் மட்டும் போதாது என்று ஏற்படுகிறது. சொத்து மகனோடு தங்குகிறது, மகளோடு வெளியே போகிறது. மகள் சம்பாதிப்பது மாமியார் வீட்டுக்கு. போகிறவளுக்கு நகையும் சீரும் கொடுத்து அனுப்பவேண்டும். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி எந்த மதத்தாருக்கும் பொது.

இதனால்தான் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்யப்பட்டது. அன்றைக்குச் சிரித்தவர்கள் அதிகம். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் பங்கு என்று ஆயிற்று. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டவர்களுக்கு அது இல்லை. 2005-ல் இந்தியா முழுமைக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அந்தத் திருத்தம் வந்தது. தீர்மானத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் 60 வருஷம். சரி, சட்டம் வந்துவிட்டதே, நடப்பது என்ன? சப்-ரிஜிஸ்திரார் ஆபீசு வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். அக்காளையும் தங்கையையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி, ஆளுக்கு ஒரு சேலையும் ஒரு வேளை ஆம்பூர் பிரியாணியும் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிற அண்ணன் தம்பிகளைப் பார்க்கலாம். "விடுதலை" என்று அந்தப் பத்திரத்துக்குப் பெயர் வைத்தவன் பெரிய நகைச்சுவைக்காரனாக இருக்கவேண்டும். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை? கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வாசலில் நிற்பவர்களும் இல்லாமலில்லை என்பதையும் சொல்லியே தீரவேண்டும்.

வேண்டாம் என்ற எண்ணம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1980-களின் நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு எருக்கம்பாலைப் புகட்டிக் கொல்லுகிற சங்கதி பத்திரிகைகளில் வெளியாகி உலகமெல்லாம் சிரித்தது. 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்து, கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. "சங்கதி" வெளியான அதே 1994-ல்தான், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதைத் தடுக்கும் சட்டமும் டெல்லியில் நிறைவேறிற்று, "கருத்தம்மா" என்ற சினிமாவும் வந்தது. ஒரே வருஷத்தில் நாவல், சட்டம், சினிமா மூன்றும் வந்தும், 2001 ஜனத்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தார்கள். தமிழ்நாடு முழுமைக்கும் அந்த எண் 2001-ல் 942, 2011-ல் 943. பத்து வருஷப் பிரசாரத்துக்கும் சட்டத்துக்கும் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்று!

வெள்ளைக்கார தேசங்களில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கானடா தேசத்தில் மான்ட்கோமரி என்ற அம்மையார் 1908-ல் எழுதிய ஒரு நாவல் இருக்கிறது. வயதான அண்ணன் தங்கை இருவர் பண்ணை வேலைக்கு உதவியாக அநாதை விடுதியிலிருந்து ஒரு பையனை அனுப்பச் சொல்லுகிறார்கள். தவறுதலாக ஆன் என்ற பதினோரு வயதுப் பெண் வந்து ரயிலடியில் நிற்கிறாள். அவளைத் திருப்பி அனுப்புவதா வைத்துக்கொள்ளுவதா என்பதில் கதை ஆரம்பிக்கிறது. உலகமெங்கும் இலட்சக்கணக்கான சிறுமிகள் அந்தக் கதையைப் படித்து, அந்தப் பெண் நான்தான் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு குறை தோன்றுகிறது. அந்தப் பெண் கெட்டிக்காரி, வாயாடி, படிப்பில் முதலாவதாக வருகிறாள். கடைசியில் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிடுகிறாள். கெட்டிக்காரியாக இல்லாமல் இருந்திருந்தால்? சாதாரணமாக, மந்தமாக, கருப்பாக, நோஞ்சானாக இருந்திருந்தால்? திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் "வேண்டாம்" என்று பெயர் வைக்கிற வழக்கம் உண்டு. அப்படிப் பெயர் பெற்ற ஒரு மாணவிக்குச் சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டுக் கம்பெனியில் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தவுடன் பத்திரிகைகளெல்லாம் அவளைக் கொண்டாடின. நமக்கும் சந்தோஷந்தான். அதே பெயரோடு நூறு நாள் வேலையில் மண் சுமக்கிற பெண்ணை எந்தப் பத்திரிகைக்காரன் படம் பிடித்தான்? ஆண்பிள்ளை சும்மா பிறந்தாலே வேண்டியவனாகிவிடுகிறான். பெண் மாத்திரம் ஜப்பானுக்குப் போய் வேலை பார்த்துத்தான் தன் பிறப்புக்கு மன்னிப்பு வாங்கவேண்டுமா? பாமாவின் நாவலில் இந்த மோசடி இல்லை. அதில் கதை சொல்லுகிற பெண் படித்து வேலைக்குப் போன பிறகும், தனியாக இருக்கிற பெண் என்பதற்காகவும் சாதிக்காகவும் குடியிருக்க வாடகை வீடு கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. படித்துவிட்டாயே, இனி எல்லாம் சரி என்று அந்தப் புத்தகம் பொய்ச் சமாதானம் சொல்லுவதில்லை.

நம் தமக்கை போதும்பொண்ணுக்கு இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினோம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் கண் சரியில்லை. பதினாறு வயதில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போனவர். விடியற்காலம் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார். முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஷூவின் மேல் தோலைத் தைத்துத் தைத்துக் கண் போயிற்று. அவர் தைத்த ஷூவை எந்த தேசத்துக்காரன் போட்டுக்கொண்டு நடக்கிறானோ தெரியாது. தைத்தவர் பெயர் போதும்பொண்ணு என்பது அவனுக்கும் தெரியாது. அண்டை அயலார் பெண்களும் நாலைந்து பேர் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். மாரியம்மாவின் அபராதக் கணக்கு வந்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரம் நாம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். பால் மறக்கடிக்கிற இடத்தில் மட்டும் தமக்கை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன்டா தம்பி, இந்தம்மா நம்ம தெருவுலயா இருந்துச்சு?" என்று கேட்டார். இருநூறு மைலுக்கு மேல் அந்தப் பக்கம் என்று சொன்னோம். "அங்கயும் இதே கதிதானா" என்றார். புத்தகத்தைப்பற்றி அவர் சொன்ன அபிப்பிராயம் அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள். இப்பொழுது காலேஜில் படிக்கிறாள். சேரும்போது விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில் "பொன்னி" என்று எழுதிவிட்டாள். ஆதார் அட்டையில் ஒரு பெயர், இதில் ஒரு பெயர் என்றாகி, உதவித்தொகை நின்றுபோய், நாலு ஆபீசு ஏறி இறங்கவேண்டியதாயிற்று. ஒரு ஆபீசில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெயரைச் சத்தம் போட்டு இரண்டு தரம் படித்து, பக்கத்து மேசைக்காரரோடு சேர்ந்து சிரித்தார். பெயரைப் படித்துச் சிரிக்கிறதற்கா அந்த ஆளுக்குச் சம்பளம்? ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டதற்குப் பெண் பதில் சொல்லவில்லை. தமக்கைதான் சொன்னார்: "அவ மேல தப்பு இல்ல. என் பேரு அவளுக்கு வெக்கமா இருக்கு. எனக்கே முப்பது வயசு வரைக்கும் இருந்துச்சு."

மராட்டியத்தில் இதே வழக்கம் "நகுஷி" என்ற பெயரில் இருக்கிறது. வேண்டாதவள் என்றுதான் அர்த்தம். 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சதாரா ஜில்லா அதிகாரிகள் தங்கள் ஜில்லாவில் அப்படிப் பெயர் கொண்ட 280-க்கு மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்து, ஒரே கூட்டத்தில் அவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம். இதைப் படித்த உற்சாகத்தில் நாமும் தமக்கையிடம் போய், பெயரை மாற்றிவிடலாம், அரசிதழில் பிரசுரித்துவிட்டால் எல்லா ஆபீசிலும் செல்லும், மனு நாமே எழுதித் தருகிறோம் என்றோம். அவர் சிரித்தார். "கம்பெனியில முப்பது வருஷம் இந்தப் பேர்லதான் சம்பளம் வாங்கினேன். பி.எஃப். பணம் இந்தப் பேர்ல கிடக்குது. இப்ப பேர மாத்திக்கிட்டுப் போனா, நீ யாரும்மான்னு கேப்பான். பணத்த நீ குடுக்கிறியா? எம் பேரு இருக்கட்டும். வைக்கிறவங்கள நிறுத்தச் சொல்லு" என்றார். இதற்கு மேல் நாம் பேச என்ன இருக்கிறது?

ஆனாலும் பி.எஃப். பணம் இன்னும் சேராத சிறு பெண்கள் இந்த ஊரிலும், ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்களிலும் அதே பெயர்களோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். பத்தாவது சர்டிபிகேட்டு எழுதப்படுவதற்கு முன் மாற்றிக்கொண்டால் தொல்லை குறைவு. ஆகவே படிப்பகத் தோழர்களோடு கலந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பெயர் மாற்ற மனு இலவசமாக எழுதித் தரப்படும். பிறப்புச் சான்றும், பள்ளிச் சான்றின் நகலும், ஆதார் அட்டையும் எடுத்து வரவேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து அவசியம் ஆனபடியால் தகப்பனாரோ தாயாரோ கூட வரட்டும்; ஆனால் புதுப் பெயர் என்னவென்று அவர்களிடம் கேட்கமாட்டோம். அந்தப் பெண்ணைத்தான் கேட்போம். அன்றைக்கே யோசித்துச் சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் இருப்போம். "சங்கதி"யின் பிரதி ஒன்று படிப்பக அலமாரியில் வைத்திருக்கிறது. எடுத்துப் போகிற பெண்கள் திருப்பிக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். ஆண்கள் பதினைந்து நாளில் கொண்டுவந்து கொடுத்துவிடவேண்டும்.